பன்னிரண்டு மீட்டர் வெள்ளைப் பாவாடை

ஜசீரா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. சால்வடார் நகரத்தில் எங்கள் மேட்டுத் தெரு முனையில் அக்கராஜே வடைக் கடை போடுகிறவள். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, செக்கச்செவேலென்ற தெந்தே என்னும் செம்பனை எண்ணெயில் அவள் பொரித்தெடுத்தால் பேருந்தில் போகிறவன் இறங்கி வருவான். கைமணம் அப்படி. ஆனால் மிஞ்சிய எண்ணெயைப் பல வருடமாகச் சாக்கடையில்தான் கொட்டினாள். அவள் வீடு மேலே, என் வீடு கீழே. போன செப்டம்பரில் குழாய் அடைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர் என் தையல் மிஷினின் காலடி வரை வந்துவிட்டது. நான் போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மறைப்பானேன்.

அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. மறுநாளே பழைய எண்ணெயைக் காலி புட்டிகளில் சேர்க்க ஆரம்பித்தாள். அதில் காஸ்டிக் சோடா கலந்து துணி சோப்புச் செய்யப் போவதாகச் சொன்னாள். கடையில் வாங்கும் சோப்புப் பொடியின் நுரை கடலுக்குப் போக வேண்டாம், எண்ணெய் என் வீட்டுக்கு வர வேண்டாம், இரண்டும் ஒரே வேலையில் முடிந்துவிடும் என்று அவளுக்கு ஒரே உற்சாகம்.

இப்படிச் செய்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர்களெல்லாம் சோயா எண்ணெயில் செய்வார்கள். இவளிடம் இருந்தது தெந்தே. அதன் நிறம் நகக்கண்ணில் ஏறினால் ஒரு வாரம் போகாது. அதை வைத்து வெள்ளைத் துணி வெளுக்கலாம் என்று எங்கள் ஊர் வடைக்காரிக்குத்தான் தோன்றும். போதாததற்கு, துணி கிழிந்துவிடுமோ என்று பயந்து சோடாவைப் பாதியாகக் குறைத்தும் விட்டாள். பாதி எண்ணெய் சோப்பாகாமல் எண்ணெயாகவே நின்றுவிட்டது. கட்டிகள் பரங்கிக்காய்த் துண்டு போல வந்தன. எனக்கு இரண்டு கொடுத்தாள். வாங்கி அலமாரிக்குப் பின்னால் போட்டேன்.

ஜனவரியில் எங்கள் மாதா கோயிலின் படி கழுவும் திருவிழா. வெள்ளை உடுத்திய இருபது பெண்கள் வாசனைத் தண்ணீர்க் குடத்தோடு வரிசையாகப் போய்ப் படிகளைக் கழுவுவார்கள். அந்த வரிசையில் ஓர் இடத்துக்காக ஜசீரா ஆறு வருடம் காத்திருந்தாள். இந்த வருடம் ஒருத்திக்கு முழங்கால் வலி வந்ததால் இவளுக்கு இடம் கிடைத்தது. பன்னிரண்டு மீட்டர் துணியில், மூன்று அடுக்கு வெள்ளை லேஸ் பின்னலோடு பாவாடையை நான்தான் தைத்தேன். மூன்று வாரம் என் கண் போய்விட்டது. வரிசையில் வெள்ளையைத் தவிர எதற்கும் இடமில்லை.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை புதுத் துணியின் கஞ்சி போகட்டும் என்று பாவாடையைத் தன் சோப்பில் ஊறவைத்தாள். சாயங்காலம் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, கத்தாம வந்து பாரு" என்றாள்.

கத்தாமல் எப்படி இருப்பது? பாவாடை முழுக்கத் திட்டுத் திட்டாக ஆரஞ்சு. என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சோப்பைத் தூக்கிக் கடலில் போடு, வரிசையிலிருந்து பேரை எடுத்துவிடு என்றுகூடச் சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தச் சோப்புக்கே என் கூச்சல்தானே காரணம்?

தெந்தே கறை ஒன்றுக்குத்தான் பயப்படும், வெயிலுக்கு. தேங்காய் சோப்புத் தேய்த்து, ஈரத்தோடு புல்லில் விரித்துப் போட்டு, காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடியும்போதே ஆரம்பிப்போம் என்றேன். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க மழை கொட்டியது. சனிக்கிழமை வெயில் வந்தது, ஆனால் விரிக்கப் புல் இல்லை. எங்கள் மேட்டில் சிமெண்டுதான். இருக்கிற ஒரே புல் கால்பந்து மைதானம். அன்று அங்கே கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம். கல்யாணமானவர்களின் கோல்காப்பாளர் ஜசீராவின் கணவன் எரிவால்டோ.

அவன் போய்ப் பேசினான். சிரித்தார்கள், கிண்டலடித்தார்கள். கடைசியில் பாதி மைதானத்தில் குறுக்கே இரண்டு கோல் வைத்து ஆடிக்கொள்கிறோம், ஆளுக்கு இரண்டு அக்கராஜே வேண்டும் என்றார்கள். மறுபாதியில் பாவாடையை வட்டமாக விரித்தோம். ஜசீரா பூவாளியோடு சுற்றிச் சுற்றி வந்தாள். பந்து இரண்டு தடவை பறந்து வந்தது. இரண்டு தடவையும் எரிவால்டோ தன் கோலை அம்போவென்று விட்டு ஓடிவந்து பிடித்தான். அந்த நேரத்தில் கல்யாணமாகாதவர்கள் இன்னொரு பந்தை உதைத்து இரண்டு கோல் போட்டார்கள்.

"கோல் போனா போகட்டும், பாவாடையில பந்து பட்டுச்சுன்னா எனக்கு வீட்டுல சோறு கிடையாதுப்பா" என்றான் தன் அணியிடம்.

நான்கு மணிக்குத் தூக்கிப் பார்த்தோம். கண் கூசும் வெள்ளை. ஜசீரா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் பார்த்தேன், இடுப்புப் பட்டி உள்பக்கம் மடிந்து கிடந்திருக்கிறது. அங்கே வெயில் படவில்லை. நல்ல ஆரஞ்சு. வெயிலும் இறங்கிவிட்டது. மேல்சட்டை மறைத்துவிடும் என்று அவளைத் தேற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். வெள்ளையிலும் வெள்ளையாக இருந்தது அவளுடைய பாவாடைதான், நான் தைத்ததற்காகச் சொல்லவில்லை. அவள் சோப்புக்கட்டிகளை மறுபடி சோடா சேர்த்துக் காய்ச்சப் போவதாகவும், கால்பந்து அணிக்காரர்கள் தங்கள் மஞ்சள் சட்டைகளுக்கு அதுவே போதும் என்று கேட்டிருப்பதாகவும் போகிற வழியில் சொன்னாள்.

மேல்படியில் குடத்தைச் சாய்த்துவிட்டு, துடைப்பத்தோடு குனிந்தாள். மேல்சட்டை ஏறிக்கொண்டது. ஊர் பார்க்க இடுப்பைச் சுற்றி ஒரு ஆரஞ்சுப் பட்டை. வேறொரு சமயமாக இருந்தால் நான் நிலத்துக்குள் போயிருப்பேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், அதென்ன கறை என்று என்னிடம் கேட்டாள்.

"அது அவ கடை எண்ணெய். சாக்கடைக்குப் போகாம அங்க வந்திருக்கு" என்றேன். "பாவாடை நான் தைச்சது."