கல்லாற்றோடு நிற்கச் சொன்னார்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருவனந்தபுரம் கரமனையில் குடியிருந்தோம். எனக்கு முப்பதைத் தாண்டிய வயது, ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஆபீசுக்கு சைக்கிளில் போய்ப் போய் எனக்கு சைக்கிள் பைத்தியமே பிடித்துவிட்டது. ஊரில் ஒரு சைக்கிள் கிளப் இருந்தது. வருஷம் ஒருமுறை தம்பானூரிலிருந்து பொன்முடி உச்சி வரை ரேஸ் வைப்பார்கள். நானும் பெயர் கொடுத்தேன்.

ரேஸ் அன்று ஏகாதசி. வழக்கத்தை மீற மனசில்லாமல் வெறும் காபியோடு கிளம்பினேன். பையன்கள் சீறிக்கொண்டு போக, விட்டேனா பார் என்று ரோஷத்தில் அவர்களோடு ஒட்டிக்கொண்டே மிதித்தேன். மலை ஏற்றம் தொடங்கும் கல்லாற்றை எட்டியபோது கை நடுங்கியது, கண் இருட்டியது. என்னைத் தூக்கி கிளப் வேனில் உட்கார வைத்தார்கள்.

வேனில் கிளப் செக்ரட்டரி சிரித்தார். "சேச்சி, ஈ கயற்றம் லேடீஸினு பற்றில்லா." இந்த ஏற்றம் பெண்களால் முடியாதாம்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த வருஷ ரேஸுக்கு ஒரு புது விதி போட்டார்கள்: பெண்களுக்குக் கல்லாறு வரை மட்டும். ஏகாதசிப் பட்டினியில் நான் ஒருத்தி மயங்கியதற்கு ஊரிலுள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் மலையை அடைத்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உச்சிக்குப் போயே தீருவது என்று அன்றே முடிவு செய்தேன்.

லைப்ரரியில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளை எல்லாம் புரட்டினேன். தினமும் மூச்சிரைக்க மிதிப்பது பயிற்சியே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. செவ்வாய்க்கிழமை பேரூர்க்கடைப் பக்கம் ஓர் ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவேன். வியாழன் கொஞ்ச தூரம், நல்ல வேகம். ஞாயிறு நெடுந்தூரம், மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்றால், வாய்விட்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை சைக்கிளைத் தொடுவதில்லை. அன்று சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

கிளப் பையன்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு. எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "மாமி, இப்படியே போனா சாயங்காலம்தான் ஆத்துக்கு வருவேள்" என்பான். நான் ஸ்லோகத்தை நிறுத்தமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையும் ஏகாதசியும் சேர்ந்து வந்தால் வீட்டில் போர்தான். சாப்பிடாமல் நெடுந்தூரம் ஓட்டுவதில்லை என்பதும் என் பயிற்சியில் சேர்த்தி. மாமியாரோ சமையலறை வாசலிலேயே நிற்பார்.

"ஏகாதசி அன்னிக்கு ஆத்துல இட்லியா? பகவான் பார்த்துண்டுதான் இருக்கார்."

"அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேம்மா. நீங்க அந்த மிளகாய்ப்பொடியை இப்படித் தள்ளுங்கோ."

முறைத்தார். ஆனால் தள்ளினார்.

ரேஸ் நாள் வந்தது. இந்த முறை எல்லாரையும் முன்னால் போகவிட்டேன். பசிக்கும் முன்பே ஏத்தப்பழம் என்கிற நேந்திரம்பழத்தைக் கடித்துக்கொண்டு நெடுமங்காட்டைத் தாண்டினேன். கல்லாற்றில் பெண்களுக்கென்று ரிப்பன் கட்டி, கையில் மாலையோடு செக்ரட்டரி நின்றிருந்தார்.

"மதி சேச்சி, மதி. இறங்ஙிக்கோளூ." போதுமாம், இறங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"எனக்குப் போறாது ஸார்."

மேலே போனால் ரிசல்டில் பெயர் வராது என்று பின்னாலிருந்து கத்தினார். வரவேண்டாம் என்று நானும் கத்திவிட்டு ஏற்றத்தை நோக்கி மிதித்தேன்.

வளைவுக்கு வளைவு ஏறினேன். கால் வலித்தது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டது. காலையில் சீறிப் பாய்ந்தவர்களில் சிலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தான். "மாமி, தண்ணி இருக்கா?" என்றான். பாட்டிலைக் கொடுத்துவிட்டு மேலே போனேன். அவனைக் கேலி செய்ய ஆசையாகத்தான் இருந்தது. மூச்சை வீணாக்க விருப்பமில்லை.

உச்சியில் மூடுபனி. நேரம் குறிப்பவர் என் நம்பரைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், எழுதாமல் வைத்துவிட்டார். நான் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். அழுகையெல்லாம் சந்தோஷம்தான். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அன்று பரிசளிப்பில் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த வருஷ ரேஸில் பெண்களுக்கென்று தனி தூரம் இல்லை. ஏன் மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த வருஷம் பெண்களில் நாங்கள் மூன்று பேர் மேலே போனோம்.

இப்போதும் யாராவது உனக்கு இவ்வளவு போதும் என்று கோடு போட்டால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. ஆனால் வெறும் ரோஷம் என்னை வேனில்தான் ஏற்றியது, வாரா வாரம் பழக்கிய ரோஷம்தான் மலையில் ஏற்றியது.