தரையைத் தொட்டுப் பார்த்தவர்

அறுபதுகளில், ஒரு சித்திரை மதியம் சிதம்பரம் ரயிலடியில் அவரைப் பார்த்தேன். கைலி, வெள்ளைத் தொப்பி. கப்பல் வேலையை விட்டு ஊர் திரும்பிய பரங்கிப்பேட்டைக்காரர். நடைமேடையில் என் பக்கத்தில் உட்காரப் போனவர் குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்.

“உக்காரலையா பாய்?”

“நியூசிலாந்துல வெந்நீர் ஊத்து பாக்கப் போனோம், தம்பி. பனைமர உசரத்துக்குப் பீச்சி அடிக்கும். அதுல ஒண்ணு அடங்கிக் கெடந்துச்சு. எம் மச்சான் அதுங்கிட்டப் போயி உக்காந்தாரு. ‘தரை கதகதன்னு நல்லாருக்கு, நீயும் வா’ன்னு கூப்ட்டாரு. நான் எழுந்திரிக்கறதுக்குள்ள தரையே வெடிச்சிடுச்சு.”

“இது வெயில் சூடுதானே பாய்?”

“தெரியும்.”

ரயில் வரும்வரை அவர் உட்காரவில்லை. சற்று நேரத்தில் நானும் எழுந்து நின்றுகொண்டேன். அவருக்காகவா, பயந்தா என்று இன்றுவரை தெரியவில்லை.