கிரீஸில் குளித்த பந்தய வண்டி

எங்கள் வீட்டில் இரும்பென்று பேர்பெற்ற எதுவும் கிரீஸ் படாமல் வாசற்படியைத் தாண்டியதில்லை. காசிமேட்டின் உப்புக்காற்று, சுவரில் அடித்த ஆணியையும் ஒரு மழைக்காலத்துக்குள் உதிர்த்துவிடும். அப்பா விசைப்படகில் தங்குகடலுக்குப் போகிறவர். போனால் ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் கரைக்கு வருவார். அவர் புறப்படும் நாளில் அவருடைய கத்தி, பெட்டியின் பூட்டு, டார்ச்சின் திருகுமறை என்று ஒவ்வொன்றாக எடுத்து அம்மா கிரீஸ் தடவி வைப்பாள். இந்தக் கவனிப்பு என் கவராயத்தையும் விட்டுவைக்கவில்லை. நான் வரைந்த வட்டங்களின் நடுவிலெல்லாம் ஓர் எண்ணெய்ச் சூரியன் உதித்திருக்கும். கணக்கு ஆசிரியை அதற்கும் சேர்த்து மதிப்பெண் குறைப்பார்.

இத்தகைய வீட்டுக்குள்தான் அந்தப் பந்தய வண்டி வந்து சேர்ந்தது. அம்மாவின் தம்பியான என் மாமா மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எண்ணூரில் வேலைக்காலம் முடிந்து நாடு திரும்பிய ஒரு வெளிநாட்டுப் பொறியாளரின் வீட்டுச் சாமான்களை அவர் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினார். பெட்டியில் அடங்காத ஒன்றை அந்த மனிதர் மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். முழ நீளம், உடலுக்கு வெளியே துருத்திய நான்கு சக்கரங்கள், முள்முள்ளாக டயர், கையடக்கமான ரிமோட். மணலிலும் மேட்டிலும் பாய்ந்தோடுவதற்கென்றே பிறந்த வண்டி. அதன் பெயர் பகி என்று தெருவுக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். தெரு கடைசிவரை அதை ‘ரிமோட்டு காரு’ என்றே அழைத்தது.

நான் அப்போது எட்டாம் வகுப்பில் படித்தேன். மாமாவின் கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, பாதி புரிந்த மொழியில், அந்த வண்டியைக் கழற்றவும் பூட்டவும் கற்றுக்கொண்டேன். மாமாவுக்குப் பொறுமை கிடையாது. தம் லாரியைப் போலவே இதையும் நடத்தலாம் என்பது அவருடைய கொள்கை.

“ரெண்டு தட்டு தட்னா ஓடும் பாப்பா. எங்க வண்டிய இப்டியா நோண்டிகினு கீறோம்?” என்பார்.

“அதான் உன் வண்டிய வாரத்துல நாலு நாளு தள்ளிகினு வர்ற,” என்பேன்.

விம்கோ நகருக்கு அப்பால், மூடிக்கிடந்த ஓர் ஆலையின் திடலில் ஞாயிறுதோறும் பந்தயம் நடந்தது. பழைய தீயணைப்புக் குழாய்களை வளைத்து வளைத்துப் போட்டுப் பாதை அமைத்திருப்பார்கள், இடையிடையே மண்மேடுகள். ஓட்டுபவர்கள் ஒரு பழைய லாரியின் தட்டில் ஏறி நின்று ரிமோட்டை இயக்க வேண்டும். விதி எளியது. நேரம் முடிந்ததென்று ஊதல் ஒலித்ததும், ஒவ்வொரு வண்டியும் எஞ்சிய சுற்றைத் தன் ஓட்டத்திலேயே முடித்து எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். தூக்கி வந்தாலும் தள்ளி வந்தாலும் அது கணக்கில் சேராது. முடித்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவார்கள்.

அந்தப் பலகையில் என் பெயர் ஏறவே இல்லை. முதல் முறை பற்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்தன. மறுமுறை அச்சுத்தண்டின் முளை கழன்று மண்ணில் தொலைந்தது. இரண்டு முறையும் பாதை நடுவே இறங்கிப் போய், செத்த வண்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு அத்தனை பேர் முன்னிலையிலும் நடந்து வந்தேன். ராயபுரத்திலிருந்து வரும் ஒரு பையன், என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவன், லாரித் தட்டிலிருந்து குனிந்து கேட்டான்: “இன்னா, கொயந்த தூங்கிட்ச்சா? தூளி கட்டவா?”

தட்டு முழுவதும் சிரித்தது. மாமாவும் சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு நடக்கவிருந்ததே கடைசிப் பந்தயம். அதன்பின் திடல் முழுவதும் கன்டெய்னர்களை அடுக்கப்போவதாகச் சொன்னார்கள். முதலாவதாக வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் வண்டி தன் சக்கரத்தில் உருண்டு வந்து அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரே ஒரு முறையாவது நான் அதைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. இவ்வளவுதான் என் சங்கற்பம். ஆனால் அது இரும்புச் சங்கற்பம்.

அந்த வாரம் முழுவதும் பள்ளிவிட்டு வந்ததும் வேலைதான். சக்கரத்துக்கொன்றாக நான்கு அதிர்வுதாங்கிகள். விரல் நீளமுள்ள அந்தக் குழல்களில் எண்ணெய் ஊற்றி, தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலேறி உடையும்வரை காத்திருந்தேன். ஒரு குமிழி தங்கினாலும் வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது தவளையைப் போல் எகிறும். பிறகு வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து பலகைமேல் விழவிட்டு, அது அடங்கி நிற்கும்போது அச்சுத்தண்டுகள் மட்டமாக இருக்கின்றனவா என்று தரையில் கன்னம் பதித்துப் பார்த்தேன். மோட்டாரின் சிறு பற்சக்கரத்தைப் பெரியதோடு கோப்பதற்கு ஒரு வழி உண்டு. இரண்டுக்கும் இடையே நோட்டுத்தாளின் கீற்றொன்றைக் கொடுத்து நெருக்கி, திருகை முடுக்கியபின் தாளை உருவிவிட வேண்டும். மிஞ்சுகிற மயிரிழை இடைவெளியே சரியான இடைவெளி. பற்கள் உதிர்ந்த அன்று அந்த இடைவெளியை நான் மாமாவின் கண்ணளவை நம்பி விட்டிருந்தேன்.

மிகவும் நுட்பமானது கிளட்ச். பெரிய பற்சக்கரத்தின் இரு பக்கமும் நாரை அழுத்திச் செய்த காசளவுத் தகடுகள் இரண்டு அதை அழுத்திப் பிடித்திருக்கும். வண்டி குதித்து விழும்போது அவை சற்றே வழுக்கிக் கொடுப்பதால்தான் பற்கள் பிழைக்கின்றன. அளவுக்கு மேல் வழுக்கினாலோ, மோட்டார் அலறும், சக்கரம் சுற்றாது. ஆகவே அந்தப் பகுதி எலும்பைப் போல் உலர்ந்திருக்க வேண்டும். திறந்திருக்கும் பற்சக்கரத்தில் பசை படிந்தால் மணல் ஒட்டும்; ஒட்டிய மணல் உப்புத்தாளைப் போல் அராவும். இதையெல்லாம் நான் வீட்டில் உரக்கவே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர் மாமா ஒருவர்தான். அவர் தினமும் தவறாமல் வந்தார். லாரியைக்கூட நிறுத்திவிட்டு வந்தார். பந்தயத்தில் அவருக்கு இவ்வளவு பற்றா என்று வியந்தேன்.

அப்பா அந்த வாரத்தின் நடுவில் வந்திருக்க வேண்டியவர்; வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

“மீன் நல்லா படுதாம். அதான் லேட்டு. வருவாரு, நீ போய் உன் வண்டியப் பாரு,” என்றாள்.

என் வண்டியைப் பார்க்கச் சொல்லி அம்மா ஏவியது அதுவே முதல் தடவை. அந்தச் சலுகையில் மகிழ்ந்து வேறெதையும் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. வண்டியைத் துடைத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டுச் சிறப்பு வகுப்புக்குப் போனேன். மறுநாள் காலை அதை இறக்கியபோது என் விரல்கள் வழுக்கின. அச்சு, தண்டு, பற்சக்கரம், கிளட்ச், ஒவ்வொரு திருகின் தலை என எங்கும் கட்டியாகக் கிரீஸ். அப்பாவின் டப்பாவில் பாதி என் வண்டியின் மேல் இருந்தது.

“யம்மா! வண்டிய இன்னா பண்ண?”

அம்மா தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். “கிரீஸ் போட்டேன். வெளில போற வண்டி. போனது நல்லபடியா வூடு வந்து சேர வேணாவா?” என்றாள். பிறகும் தெருவையே பார்த்தாள்.

அப்போதுதான் உள்ளே வந்த மாமா வண்டியைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாக்கா இது, மசாலா தடவி வெச்ச வஞ்சிரம் மாரி கீது? பந்தயத்துக்கா, தவாவுக்கா?”

வழக்கமாக அவருடைய ஒரு சொல்லுக்கு அம்மாவிடம் ஒன்பது சொல் இருக்கும். அன்றோ மீன் விற்கும் அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டாள். நான் அழவில்லை. அழுதால் நேரம் போகும் என்ற எண்ணம் மட்டுமே எனக்கு இருந்தது.

வண்டியை அக்கக்காகப் பிரித்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கிகளால் பல் பல்லாகத் தேய்த்தோம். கிளட்ச்சின் தகடுகளை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்து உப்புத்தாளில் உரசினேன். ஒன்று உலர்ந்து தெளிந்தது. மற்றது கிரீஸைக் குடித்திருந்தது. எத்தனை முறை துடைத்தாலும் வெயிலில் வைத்ததும் மீண்டும் வியர்த்தது. மாற்றுத் தகடு இல்லை.

“நட்ட வெச்சி முடுக்கிட்டுப் போய்கினே இரு,” என்றார் மாமா.

“முடுக்கினா வழுக்காது. மொத மேட்ல பல்லு பூடும்.”

“அப்போ இன்னாதான் பண்ணப் போற?”

“மெதுவா ஓட்டப் போறேன்.”

பந்தயத்தில் மெதுவாக ஓட்டப்போவதாக அறிவித்த ஒருத்தியை மாமா அதற்குமுன் கண்டதில்லை. தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஊதல் ஒலித்ததும் மற்ற வண்டிகள் மண்ணை வாரியிறைத்துக்கொண்டு பறந்தன. என் வண்டி ஓலமிட்டது, நகரவில்லை. விசையை விட்டு, மறுபடியும் பஞ்சைத் தொடுவதுபோல் தொட்டேன். தகடு பிடித்துக்கொண்டது. நடந்துபோகும் மனிதனின் வேகத்துக்கு மேல் கேட்டால் வழுக்கியது. அதற்குள் கேட்டால் கொடுத்தது. எல்லோரும் தாவிய மேடுகளில் நான் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கினேன். ராயபுரத்துப் பையன் என்னை முந்தினான். கொஞ்ச நேரத்தில் மீண்டும் முந்தினான்.

“இன்னாமே, சாமி ஊர்வலமா? தீவட்டி எங்க?”

நான் திரும்பவில்லை. கீழே நின்ற மாமா, “வுட்ரு பாப்பா, மோட்டார் சூடாய்டும், அப்பாலப் பேஜாரு,” என்றார். என் உலகம் முழுவதும் வலக்கைச் சுட்டுவிரலின் நுனியில் இருந்தது.

முடிவு ஊதல் ஒலித்தபோது என் வண்டி திடலின் மறுகோடியில் இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கடந்து, லாரியிலிருந்து இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டார்கள். தட்டில் நான் மட்டும் நின்றேன். பந்தயத்தை நடத்தியவர் ஒலிபெருக்கியில், “போதும்மா, எடுத்துரு. முடிச்சிக்கலாம்,” என்றார். குழாய்களைச் சுருட்டவும் ஆட்கள் இறங்கினார்கள்.

அப்போது மதிலோரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஏலக் கூடத்தின் இரைச்சலைப் பிளந்து பழகிய குரல்.

“யோவ்! இன்னும் ஒண்ணு வெளிய கீதுய்யா! அது வராம நீ இன்னாத்துக்குக் கடைய மூட்ற?”

அம்மா இடுப்பில் அன்னக்கூடையோடு நின்றிருந்தாள். அந்தத் திடலில் அவள் கால் வைத்தது அன்றுதான். குழாயைச் சுருட்டியவன் கையிலிருந்ததைக் கீழே போட்டான். ஒலிபெருக்கி வாயை மூடியது.

வண்டி கடைசி வளைவில் திரும்பியது, கடைசி மேட்டில் பாதி ஏறிப் பின்வாங்கியது, மறுபடி ஏறியது. அம்மா நெற்றியில் கைவைத்து, வெயிலை மறைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லைக்கோட்டைச் சக்கரங்கள் தாண்டிய கணத்தில், “வந்துட்ச்சிடா!” என்று கத்தியவன் ராயபுரத்துப் பையன். பலகையின் அடியில் என் பெயரை எழுதினார்கள்.

நான் ஓடிச்சென்று பார்த்தபோது அம்மா மண்ணிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். கடைசியாக வந்ததற்கு இவ்வளவு அவமானமா என்று எனக்குக் கோபம் வந்தது.

“லாஸ்ட்டுதான், ஆனா முடிச்சிட்டேன்ல?” என்றேன். மாமா என் தோளைப் பற்றி அப்பால் அழைத்துப்போனார்.

அப்பா மறுநாள் வந்தார். கறுத்து மெலிந்திருந்தார்; உதடு வெடித்திருந்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டதாம். பேட்டரி தீர்ந்து வயர்லெஸ்ஸும் செத்ததாம். நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்த படகை வேறொரு படகு கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்ததாம். படகு காணாமல் போனது எங்கள் தெருவில் பழைய செய்தி. படகிலிருந்து தகவலே இல்லை என்பது அந்த வாரம் முழுவதும் என்னைத் தவிர அனைவருக்கும் தெரிந்திருந்தது. என்னை அந்த வண்டியை விட்டு நகரவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி மாமாவிடம் அம்மா சொல்லியிருந்தாள் என்பது, நான் வேலைக்குப் போகத் தொடங்கியபின் எனக்குத் தெரிந்தது. அன்று நான் கேட்டதெல்லாம் ஓர் இயந்திரக் கோளாறின் கதை. அந்தத் துறையில் நான் அப்போது நிபுணர்.

ஆகவே அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், வண்டியை அவர் எதிரில் கொண்டுவந்து வைத்தேன்.

“நைனா, உன் போட்டத்தான் கவுறு கட்டி இஸ்துகினு வந்தாங்க. என் வண்டிய ஒருத்தரும் இஸ்துகினு வரல. தானா வந்துச்சி.”

அப்பா சோற்றில் கைவைத்தபடியே சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை; கண்ணில் நீர் வழிய, இருமல் வர, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அம்மா குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் பாடுபட்டுப் பெற்ற என் வெற்றி இவருக்கு வேடிக்கையாகப் போய்விட்டதே என்று, அன்று பொழுது சாயும்வரை அப்பாவோடு நான் பேசவில்லை.