வாசனையில்லாத பாட்டில்

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊர் திரும்பிய என்னை, பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் சோப்புப் பட்டறை வைத்திருந்த பாய் சேர்த்துக்கொண்டார். ஆரஞ்சுப் பூ வாசனையைப் பட்டறையிலேயே செய்து தர வேண்டும். பம்பாய்ச் சரக்கு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

பாய்க்கு முதல் என்று இருந்தது அவர் மூக்குதான். காரிமங்கலம் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டே எண்ணெயில் கலப்படத்தைச் சொல்லிவிடுவார். பட்டறைக்கு எந்த பாட்டில் வந்தாலும் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே போகும்.

நாப்தால் என்ற வெள்ளைத் தூளோடு மெத்தில் என்ற சின்னத் துணுக்கை ஒட்டினால் அந்த வாசனை வரும். ஒட்டுவதற்கு மெத்தில் அயோடைடு உண்டு. விலையும் அதிகம், குணமும் சரியில்லை. டைமெத்தில் சல்பேட் மலிவு, ஆனால் கொடிய விஷம். மூன்றாவது வழி, சாராயத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சுவது. மெத்திலுக்குப் பதில் எத்தில் ஒட்டும், வாசனை கொஞ்சம் மெதுவாக இருக்கும். அமிலமும் சுடும்தான். ஆனால் பட்ட நொடியே கத்த வைத்துவிடும், நாமும் விலகிக்கொள்ளலாம். டைமெத்தில் சல்பேட்டுக்கு அந்த நாணயம் கிடையாது. சத்தமில்லாமல் உள்ளே போய், நாம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தொண்டையைப் பிடிக்கும்.

வாசனை கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் என்று சொல்லி, பாயிடம் சாராயம் கேட்டேன். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது. விஷம் வாங்க யாரையும் கேட்க வேண்டாம், ரயிலில் பார்சலாக வந்துவிடும். சாராயத்துக்கு சர்க்கார் அனுமதி வேண்டும். பாயின் அனுமதி அதைவிடக் கஷ்டம்.

"தொழுவுற எடமுங்க சார். அது உள்ள வரக்கூடாது" என்று முடித்துவிட்டார்.

ஆகவே விஷம் வந்தது. "எதை வேணும்னாலும் மோந்து பாருங்க பாய், இதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கரி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மூடி திறந்திருந்தது. பாய் கோபமாக இருந்தார்.

"ஏமாத்திட்டானுங்க சார். தண்ணியப் புடிச்சி அனுப்பிருக்கான். வாசனையே இல்ல."

"ரொம்ப நேரமா மோந்தீங்க?"

"ஏதாச்சும் வருமான்னு நல்லாத்தான் இழுத்துப் பாத்தேன்."

முகத்தைக் கழுவச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரித்து, எனக்கு டீ வரவழைத்தார். சாயங்காலம் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, குரல் போய்விட்டது. சேலம் பெரியாஸ்பத்திரியில் பிழைப்பாரா என்று தெரியாமல் நாங்கள் காத்துக் கிடந்தோம். சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன் மேல் வந்த கோபத்தை வைத்துக்கொண்டுதான் நான் அழாமல் இருந்தேன்.

பிழைத்தார். பட்டறைக்குத் திரும்பியதும் கரகரத்த குரலில், "அந்த இன்னொண்ணையே வாங்கிருங்க. குடிக்கிறதுக்கு இல்லீங்களே" என்றார். பாட்டிலில் மிச்சமிருந்ததைக் காரத் தண்ணீரில் கொன்று தீர்த்தேன். விசாரணைக்கு வந்த மதுவிலக்கு அதிகாரி, மிச்சம் விழுந்தால் குடிப்பீர்களா என்று கேட்டார். கந்தக அமிலத்தோடு சேர்ந்துதான் மிச்சம் விழும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு அனுமதி கொடுத்தார்.

முதல் ஈடு சோப்பு காய்ந்த அன்று பாய் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஒரு பலகையில் புதுச் சோப்பு. பக்கத்துப் பலகையில் துணி துவைக்கும் வெறும் சோப்பு, வாசனை எதுவும் சேர்க்காதது. பாய் கை நீட்டி வெறும் சோப்பில் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடி வெகுநேரம் மோந்தார்.

"நல்லா வந்திருக்குதுங்க சார். நீங்க சொன்னாப்புல கொஞ்சம் மெதுவாத்தான் இருக்குது."

"ஆமாங்க பாய்" என்றேன்.