குடிகாரன் என்றே இருந்திருக்கலாம்

2022-ஆம் ஆண்டு, ஆனி மாதத்தின் இரண்டாவது வாரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் எங்கள் வீடு. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சாரல் தொடங்கிவிட்டால் வேலை முடிந்ததும் மெயின் அருவிப் பக்கம் போய்விடுவேன். குளிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. எந்தத் தேதியில் முதல் சாரல் விழுந்தது, என்றைக்குப் பாறை முழுவதும் நனைந்தது, என்றைக்குத் தண்ணீர் பெருகிக் குளிக்கத் தடை போட்டார்கள் என்று குறித்து வைப்பது இளவயதிலிருந்தே என் பழக்கம். யாரும் கேட்டதில்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

அந்த வருடம் வேறொரு தேதிக்காகவும் காத்திருந்தேன். வைகாசியில் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்து என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை போலீஸ். அவருடைய அப்பா போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆவணிக் கடைசியில் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்திருந்தோம். மகளுக்கும் பிடித்திருந்தது. சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அந்தப் பையனோடு போனில் பேசிச் சிரிப்பாள். நான் கீழே செய்தித்தாள் படிப்பதுபோல் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் எனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. மாசியிலிருந்தே காலையில் முகம் உப்பியிருக்கும். கண் இமைகள் வீங்கிப் பாதி மூடினாற்போல் தொங்கும். குரல் கட்டிப்போய்க் கரகரத்தது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஒரு வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் பொறுமையிழந்து வேறு பக்கம் திரும்பிவிடுவார். நடந்தால் கால் பின்னும். ஊரே சாரலில் சட்டையைக் கழற்றிவிட்டு நனையும்போது நான் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நடுங்கினேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இனி இப்படித்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் எல்லாரும் குளிக்க மட்டும் வருவதில்லை என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கமிருந்து தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒருவன் முகம் வீங்கி, கால் பின்ன, வாய் குழறி நடந்து வந்தால் என்ன நினைப்பார்கள்? அதைத்தான் நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனி இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அருவிக்கரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், முடியாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் நான் கேட்காமலேயே ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து கொடுத்தார்.

“குடிங்க அண்ணாச்சி, சரியாப் போவும். வண்டி கிண்டி ஓட்டிராதிய, மெதுவா நடந்து போங்க” என்றார்.

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்து நன்றி சொன்னேன். காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் வந்து மனைவியிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள், நான் வெளியே போய்விட்டு வந்ததும், சட்டைக் காலரைச் சரி செய்கிற சாக்கில் என் முகத்துக்கு மிக அருகே வந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். எனக்கு அப்போதும் புரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவளுடைய தம்பி வந்தான். “அத்தான், சும்மா ஒரு பிபி பாத்துட்டு வந்துருவோம், வாங்க” என்று தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் என்னை உட்கார வைத்து முதலில் கேட்ட கேள்வி: “எத்தன வருஷமாப் பழக்கம்?”

“எது?” என்றேன்.

மச்சினன் தரையைப் பார்த்தான். அப்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கவனித்தேன். நல்ல ஈரல் ஒரு பக்கம், குடித்துக் கெட்ட ஈரல் இன்னொரு பக்கம். காது மடல் சுடுகிறதென்றால் என்னவென்று அன்று தெரிந்தது. வாழ்நாளில் நான் குடித்ததே இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு குழறியது. குடிகாரன் சொல்வதைப் போலவே இருந்தது.

நல்லவேளை, அந்த டாக்டர் என் பேச்சை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தார். கையைத் தடவிப் பார்த்தார். தோல் எப்போதிருந்து இப்படி வறண்டிருக்கிறது, குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் அசைந்துவிட்டு, யோசித்து யோசித்துத் தன் இடத்துக்குத் திரும்பியது.

“இவரு குடிக்காருன்னு யாரு சொன்னா?” என்று மச்சினனிடம் கேட்டார்.

“ஊரே சொல்லுது சார்.”

“ஊரு சொல்லுதுன்னு நான் மருந்து எழுத முடியுமா? இது தைராய்டு மாதிரி இருக்கு. ரத்தம் குடுத்துட்டு வாங்க.”

திரும்பி வரும் வழியில் மச்சினன் மெதுவாகச் சொன்னான். “மாப்பிள்ள வீட்டுக்கும் தெரியும் அத்தான். அவுக சித்தப்பா உங்கள மெயினருவில வச்சுப் பாத்திருக்காரு. ஆனா அவுக அதப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

முதல் இரண்டு வாக்கியங்கள்தான் என் காதில் விழுந்தன. மூன்றாவது விழவில்லை. அது விழுந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெளிவாகிவிட்டது. தைராய்டுச் சுரப்பி வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, ஆயுள் முழுக்க. மனைவி அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். ஆனால் பரவாயில்லை என்று ஆகிவிடவில்லை. இத்தனை வருடம் கூடவே இருந்தவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மோந்து பார்த்தாள்.

மாத்திரை மெல்ல மெல்ல வேலை செய்தது. ஆடிக் கடைசியில் முகம் வற்றியது, குரல் திரும்பியது. அந்த நாட்களில் தைராய்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது. ஆவணி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, முந்தைய பரிசோதனை முடிவையும் பிந்தையதையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டு சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிளம்பினேன்.

மகள்தான் வாசலில் மறித்தாள். “எதுக்குப்பா போறிய? அவுக கேக்கவே இல்லயே?”

“கேக்கலன்னா? என்னயக் குடிகாரன்னு நெனச்சிக்கிட்டே பொண்ணு எடுப்பாங்களா? என் பேரு என்னாவது?”

“உங்க பேரா?” என்றாள். வாசலை விட்டு விலகி வழி விட்டாள்.

பஸ் அந்த ஊரை நெருங்கும்போது சூரியகாந்தி நன்றாகப் பூத்திருந்தது. வெளியூர்க்காரர்கள் வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் நிறைவாக இருந்தது. ஒரு நிரபராதி தன் தீர்ப்பைத் தானே எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா தோளில் துண்டோடு ஊஞ்சலில் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி ஃபைலை நீட்டியதும் வெடித்துச் சிரித்துவிட்டார்.

“அட, நீங்க குடிக்கலையா? முப்பது வருஷ சர்வீஸுல மூஞ்சியப் பாத்தே பிராந்தியா பீரான்னு சொல்லுவேன் அண்ணாச்சி. உங்களப் பாத்ததும் பிராந்தின்னு முடிவு கட்டிட்டேன்!”

நானும் சிரித்தேன். குரல் கணீரென்று வந்தது. அது எனக்கே கேட்கச் சுகமாக இருந்தது.

“இதுக்காகவா வேல மெனக்கெட்டு பஸ் ஏறி வந்திய? நாங்க அத ஒரு விஷயமாவே எடுக்கல. எங்க வீட்ல இல்லாத குடியா? உங்கள அங்கன பாத்தம்னு சொன்னானே எந்தம்பி, அவன் அங்கன என்ன தீர்த்தமாடவா போனான்? ஆம்பள ஒரு அளவோட இருந்துக்கிட்டாச் சரின்னு விட்டுட்டோம்.”

அங்கேயே நான் எழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா காபியோடு வந்தார். “தைராய்டாண்ணே? மாத்திர எம்புட்டு நாளைக்கு?” என்று கேட்டார்.

“ஆயுசுக்கும்மா.”

“ஆயுசுக்குமா?” டம்ளரைக் கீழே வைத்தார். “இது குடும்பத்துல வருமோ?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் கேள்வி கேட்டு, எனக்கு விடையும் தெரிந்திருந்து, நான் சும்மா இருந்ததில்லை. சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு என்றேன். ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம் என்றேன். திரும்பி வந்த குரலில், நிறுத்தி நிதானமாக, படித்ததையெல்லாம் விளக்கினேன்.

“பொம்பளப் பிள்ளைக்கு வந்தா வயித்துல தங்காதும்பாகளே?”

“மாத்திரைய ஒழுங்கா எடுத்து, அப்பப்ப டெஸ்ட் பாத்துக்கிட்டா ஒரு குறையும் இல்லம்மா. இப்ப எத்தனையோ பேரு...”

“அப்ப வரும்ங்கிய” என்றார் அந்த அம்மா.

ஊஞ்சல் நின்றுவிட்டது. பெரியவர் சிரிப்பை விட்டுவிட்டு ஃபைலை இரண்டாம் முறை புரட்டினார், வழக்குக் கட்டைப் புரட்டுவதுபோல். நான் விடைபெறும்போது ஃபைலுக்குக் கையை நீட்டினேன். “இங்கன இருக்கட்டும் அண்ணாச்சி. சொந்தத்துல ஒரு பிள்ள நர்ஸா இருக்கா, காட்டிட்டுத் தாரோம்” என்றார். அவர் முகத்தில் கோபமில்லை. குடிகாரனாக நான் அந்த வீட்டில் பெற்றிருந்த மன்னிப்பை அவர் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான்.

அந்த வாரமே சொல்லி அனுப்பினார்கள். பெண்ணுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டால் நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம். நான் சரி என்றுதான் நினைத்தேன். பரிசோதனை என்றால் எனக்கு அப்போது பயமே இல்லை, என்னைக் காப்பாற்றியதே அதுதானே. மகளிடம் சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கீழே எனக்குக் கேட்டது.

“உங்க அம்மா சொன்னாகளா, நீங்க சொல்லுதியளா?” கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு. பிறகு அவள், “சரி, நான் எடுக்கேன். நீங்களும் எடுங்க. சுகர், பிபி, எல்லாம். உங்க சித்தப்பா ஈரலையும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம். ரெண்டு வீட்டுக் காயிதத்தையும் ஒரே நாள்ல மாத்திக்கிடுவோம்.”

அதன் பிறகு பேச்சே இல்லை. அந்தப் பையன் கெட்டவன் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் தரகர் வந்தார். ஜாதகத்தில் ஏதோ ஒன்று இடிப்பதாக இன்னொரு ஜோசியர் சொல்லிவிட்டாராம். வைகாசியில் பொருந்திய கட்டம் ஆவணியில் இடிக்குமா என்று கேட்டேன். தரகர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மச்சினன்தான் ஆற்றாமையில் சொன்னான். “அத்தான், இதுக்கு நீங்க நெசமாவே குடிச்சே தொலச்சிருக்கலாம்.”

அவன் சொன்னது சரிதான். இந்த ஊரில் குடிகாரனுடைய மகளுக்கு மாப்பிள்ளை உண்டு. அவனுடைய குடி அவனோடு போகும் என்பார்கள், பாவம் அந்தப் பிள்ளை என்பார்கள். விடிந்ததும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்குத்தான் வம்சம் முழுவதையும் விசாரிக்கிறார்கள். என் மாத்திரையைப் பற்றிய பேச்சு பரவியதும் அடுத்து வந்த இரண்டு வரன்களும் வாசலோடு போயின. ‘அவுக அப்பாவுக்கு என்னமோ தீராத சீக்காமே.’ நான் அலுவலகத்துக்கு ஒரு நாள் கூட லீவு போடாத வருடம் அது.

மகள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போன பங்குனியில் ஊருக்கு வந்திருந்தாள். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு நான் காபிக்குக் காத்திருந்தேன். அவளும் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாலும் காபி இல்லை. தூக்கம் விழித்த கண்ணா, இமை கொஞ்சம் தடித்திருக்கிறதா என்று பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

“ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்கப்பா. தைராய்டும் பாத்தாங்க” என்றாள்.

“என்ன வந்தது?”

“அத உங்கள்ட்ட சொல்ல மாட்டேன். நீங்க எங்கயாவது கொண்டு போய்க் காட்டிருவிய.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் அம்மா காபி கொண்டு வந்தபோது இரண்டு டம்ளரும் ஒன்றாகவே வந்தன. அவளுக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததா, எனக்காகக் காத்திருந்தாளா என்று எனக்குத் தெரியாது.

இன்றும் தினமும் விடிந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காபி வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் பெயரைக் காப்பாற்றப் போய், என் மகளுக்கு என்ன என்று கேட்கும் உரிமையை அந்தப் பிளாஸ்டிக் ஃபைலோடு சேர்த்து ஊஞ்சல் இருந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்; ஃபைலையும் அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.