இடது கால் இரும்பு

எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றி வைக்கும் தட்டில், என் மனைவியின் செருப்புக்கும் என்னுடைய வேலைச் சப்பாத்துக்கும் நடுவில், இரும்பால் செய்த ஒற்றைச் சப்பாத்து ஒன்று இருக்கிறது. சப்பாத்து என்று சொன்னாலும் அது முழுச் சப்பாத்து அல்ல. சாதாரண சப்பாத்துக்கு மேலே மாட்டிக்கொள்ளும் இரும்பு அடி. முன்பக்கம் விரல்களை மூடி வளைந்திருக்கும், பின்பக்கம் குதிகாலைச் சுற்றிக் கட்ட ஒரு தோல் வார் உண்டு. இடது காலுக்கு மட்டும்தான். வலது காலுக்கு அப்படியொன்று செய்வதே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஒரு அன்ரி, இது பழைய இஸ்திரிப் பெட்டியின் அடியோ தம்பி என்று கேட்டார். "ஓம் அன்ரி" என்று சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் இருந்து விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

அது கப்டனுடையது. கப்டன் என்றால் இராணுவக் கப்டன் இல்லை. வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து என்னை வெளியே விட்டு, வேலை செய்ய அனுமதியும் தந்த பிறகு நான் முதன்முதலாகச் சேர்ந்த மோட்டார்சைக்கிள் கராஜின் முதலாளி. சிட்னியின் மேற்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. அவர் நாற்பதை நெருங்கிய வெள்ளைக்காரர், ஒல்லி, பழைய பந்தய விபத்து ஒன்றால் கழுத்தைத் திருப்ப முடியாதவர். ஆராவது கூப்பிட்டால் முழு உடம்போடும் சேர்ந்துதான் திரும்புவார். வருடத்தில் பாதி இங்கே கராஜ், மீதிப் பாதி இங்கிலாந்தில் மோட்டார்சைக்கிள் பந்தயம். அங்கே ஒரு சின்ன நகரத்தின் அணிக்கு அவர்தான் தலைவர். அதனால் எல்லாரும் அவரைக் கப்டன் என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அந்தச் சொல் லேசில் வாயில் வரவில்லை. எங்கட பக்கத்தில் அது சுவரில் ஒட்டிய படங்களுக்குக் கீழே, சண்டையில் செத்துப்போன பெடியளின் பேருக்கு முன்னால்தான் இருக்கும். கொஞ்சக் காலம் 'சேர்' என்று சமாளித்தேன். பிறகு பழகிவிட்டது.

ஸ்பீட்வே என்று அந்தப் பந்தயத்துக்குப் பேர். வில்லாவுட்டில் இருந்தபோது சனிக்கிழமைப் பின்னேரங்களில் காற்றோடு ஓர் இரைச்சல் வரும். மரம் அரிகிற மில் என்றார் ஒருவர். இல்லை, எங்கேயோ காடு வெட்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். கப்டன் என்னைப் பந்தயப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் அது என்ன சத்தம் என்று விளங்கியது. நீள்வட்டமான மண் பாதை. நாலு பேர், நாலு சுற்று, இடது பக்கம் மட்டும்தான் திரும்புவார்கள், ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வளைவு வந்தால் மோட்டார்சைக்கிளைக் குறுக்கே சறுக்க விட்டு, இடது காலை நிலத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். வெறும் சப்பாத்து என்றால் இரண்டு நாளில் தேய்ந்துபோகும். அதற்குத்தான் இந்த இரும்பு. அந்த மோட்டார்சைக்கிளுக்கு ஒரே ஒரு கியர். தானாக ஸ்டார்ட் ஆகாது, பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். பிரேக் கிடையாது.

பிரேக் கிடையாது என்பதை நான் நம்பவில்லை. சேர்ந்த புதிதில், கப்டன் வெளியே போயிருந்த நேரம், கழற்றி வைத்த பிரேக்கை ஆரோ தொலைத்துவிட்டார்களாக்கும் என்று முடிவுகட்டி, பழைய சாமான் பெட்டியைக் கிளறி முன் சில்லுக்கு ஒன்று பூட்டத் தொடங்கிவிட்டேன். ஊரில் மோட்டார்சைக்கிள் திருத்திச் சாப்பிட்டவன் நான். பிரேக் இல்லாமல் ஒரு வண்டியை வெளியே விட்டதாகச் சரித்திரமே இல்லை. திரும்பி வந்த கப்டன் பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் காதுக்குள் எங்கட தமிழாகத்தான் கிடக்கிறது.

"முன்னால போறவன் பிரேக் பிடிச்சா, பின்னால வாறவன் அவன்ர முதுகிலதான் ஏறுவான். ஒருத்தரிட்டயும் இல்லாட்டித்தான் எல்லாரும் தப்பலாம்."

விசர்க்கதை என்று நினைத்துக்கொண்டு பூட்டியதைக் கழற்றினேன். அந்தக் கதையை அவர் எல்லாருக்கும் சொல்லி, கொஞ்ச நாள் என்னைப் பார்க்கிறவன் எல்லாம் கையால் பிரேக் பிடித்துக் காட்டினான்.

கப்டன் இங்கே ஓடும் சனிக்கிழமைகளில் தள்ளுகிற வேலை எனக்கு வந்தது. அதோடு இன்னொரு வேலையும் வந்தது. கழுத்து வளையாத மனிதர் குனிந்து காலில் வார் கட்ட முடியாமல் திண்டாடுவார். ஒருநாள் சும்மா காலை என் பக்கம் நீட்டினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இன்னொருவன் காலடியில் முழந்தாளிட்டுச் சப்பாத்துக் கட்டிவிடவா நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தேன்? வேண்டுமென்றே மெதுவாகப் போய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டினேன். கட்டி முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்து, வாருக்கும் சப்பாத்துக்கும் இடையில் என் சுட்டுவிரலை நுழைத்துக் காட்டினார். ஒரு விரல் போக வேண்டும், இரண்டு விரல் போகக்கூடாது. அதுதான் அளவு. தளர்ந்தால் வளைவில் இரும்பு கழன்றுவிடும், கால் முறியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் நான் விரலை விட்டுப் பார்த்து, "இறுக்கமா கப்டன்?" என்று கேட்பேன். அவர் காலால் நிலத்தை இரண்டு தரம் உதைப்பார். அதன் பிறகு தள்ளுவேன். எஞ்சின் பிடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தள்ளினவன் செய்வதற்கு உலகத்தில் ஒன்றும் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு அவுஸ்திரேலியாவின் விவசாயக் கண்காட்சி மைதானங்களில்தான் பிறந்தது என்று இங்கே உள்ளவர்கள் அடித்துச் சொல்வார்கள். நூறு வருடத்துக்குக் கிட்ட முன்னர் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள்தான் அதை இங்கிலாந்தில் பரப்பினார்களாம். இங்கிலாந்துக்காரன் இங்கே கொண்டுவந்து கொட்டினது ஆயிரம், நாங்கள் அங்கே கொண்டுபோனது இது ஒன்றுதான் என்று கப்டன் சொல்லுவார். ஒரு காலத்தில் அங்கே கால் வைக்க இடமில்லாமல் சனம் கூடியதாம். அவர் போய்ச் சேர்ந்த காலத்திலேயே கூட்டம் வற்றத் தொடங்கிவிட்டது. நல்ல ஓட்டக்காரர் எல்லாம் போலந்துக்கு இழுபட்டுப் போனார்கள். நகரத்து ஓரத்தில் கிடந்த மைதானங்களைச் சுற்றி வீடுகள் வந்தன. வீடு வாங்கினவர்கள் சத்தம் என்று முறையிட்டார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டு மணியடிக்காதே என்பது மாதிரி. பிறகு மைதானத்துக்கே விலை வந்தது. ஒவ்வொரு வருடமும் பங்குனியில் போகும்போது, திரும்பி வரும்போது எத்தனை அணி மிஞ்சும் என்று கப்டன் பகிடியாகச் சொல்லிவிட்டுப் போவார்.

கடைசியில் அவருடைய மைதானத்தின் முறை வந்தது. காணிக்காரர் வீடு கட்ட விற்றுவிட்டார், இந்த ஒரு சீசன்தான் என்று செய்தி. அங்கே ரசிகர்கள் கையெழுத்துச் சேர்த்தார்கள், நகரசபை வாசலில் போய் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கப்டனின் மனைவி, தாதியாக வேலை செய்தவர், அவருடைய கழுத்து எக்ஸ்ரேயைப் பார்த்த நாளிலிருந்து போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கராஜுக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ ஒருக்கால் கேட்டுப்பார் என்றார். நானும் போய், இந்த முறை போகாமல் இங்கேயே நில்லுங்கோவன் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"அந்த இடத்தை மூடேக்கை நான் அங்க நிக்கவேணும். கப்டன் எண்டு கூப்பிட்டது பகிடிக்கோ?"

அதோடு நிற்கவில்லை. நீயும் வா, கடைசி சீசனுக்கு நீதான் தள்ளவேணும் என்றார். நான் சிரித்தேன். என்னிடம் இருந்தது பிரிட்ஜிங் விசா, அகதி வழக்குக்கு முடிவு வரும்வரை தங்க விடுகிற தற்காலிக விசா. நாட்டை விட்டு ஒரு கால் வெளியே வைத்தால் மற்றக் காலை உள்ளே எடுக்க விடமாட்டார்கள். கப்டனுக்கு அது விளங்கவேயில்லை. அவருக்கு இங்கிலாந்து போவது பஸ் ஏறுகிற மாதிரி. தான் போய்ச் சொன்னால் சரிவரும் என்று அணியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் பகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வந்து ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அவர்களால் ஒன்றும் செய்ய ஏலாதாம் என்றார். உங்கட மோட்டார்சைக்கிளில் பிரேக்கே இல்லை, என்ர விசாவில் பிரேக்கைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நான்தான் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். சிரித்துவிட்டு, பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். 

அவர் தனியாகப் போனார். அங்கே இரவு ஏழரை மணிப் பந்தயம் என்றால் எங்களுக்கு விடியற்காலை. ஒரு கோப்பை பிளேன்ரீயை வைத்துக்கொண்டு போனில் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் பார்த்தேன். மூன்றாவது வளைவில் முன்னால் போன எதிரணிக்காரன் விழுந்தான். பின்னால் கப்டன். ஏறிப் போகலாம், இல்லாவிட்டால் தன் மோட்டார்சைக்கிளைச் சரித்து விழுத்தலாம், மூன்றாவது வழி அந்த விளையாட்டில் இல்லை. சரித்தார். மோட்டார்சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவர் வேலிக்குள் போனார். கமெரா உடனே சனத்தின் பக்கம் திரும்பிவிட்டது. தொப்பி போட்ட ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைத்தான் கனநேரம் காட்டினார்கள். விழுந்த மற்றவன் எழும்பி நடந்து போனதாகப் பிறகு அறிந்தேன்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு குசினியில் நின்றேன். என்ன செய்ய? போனுக்குள் கையை விடவா முடியும்? ஊரில் கடைசிச் சண்டை நேரம் வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர் எங்களுக்குப் போன் எடுத்து எடுத்து அழுதார்கள். பங்கருக்குள் இருந்துகொண்டு, அழுகிறதற்குத்தான் போன் எடுக்கிறீர்களோ என்று நான் அவர்கள் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கப்டனின் மனைவிக்கு எடுத்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.  அன்று பின்னேரமே அவர் விமானம் ஏறினார். நான் கராஜைத் திறந்து, ஒரு சாப்பாட்டு டெலிவரிப் பெடியனின் ஸ்கூட்டருக்கு ரயர் மாற்றினேன்.

கப்டனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்றார்கள். மாதக்கணக்கில் அங்கே கிடந்து, பிறகு சிட்னியில் வெஸ்ட்மீட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் நான் அறை வாசலில் நின்றபோது அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "தம்பி, நீங்க அவருக்கு என்ன முறை?" என்று கேட்டார். அதற்கு என்ன சொல்ல? அவரிட்ட வேலை செய்யிறனான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி போங்கோ என்று விட்டார். கப்டன் என்னைக் கண்டதும், இவ்வளவு நாளும் கழுத்துத்தான் திரும்பாது, இப்போது உடம்பும் திரும்பாது, இரண்டும் சரிசமம் என்றார். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு கெட்ட பகிடியை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஐப்பசியில் அந்த மைதானத்தின் கடைசிப் பந்தயம். கப்டன் இல்லாமலே நடந்தது. விடியற்காலையில் உள்ளே வர அந்த அக்கா எப்படியோ ஒழுங்கு செய்து தந்தார், சத்தம் போடாமல் இருங்கோ என்ற நிபந்தனையோடு. கப்டனைச் சில்லுக் கதிரையில் இருத்தி, பந்தயம் ஓடுகிற போனை அவருக்கு முன்னால் மேசையில் சாய்த்து வைத்தோம். அவரது மனைவி கட்டிலில் இருந்தார். இங்கிலாந்திலிருந்து அவரோடு வந்த பையை நான் கொண்டுவரவேண்டும் என்று கப்டன் முந்தின நாளே சொல்லியிருந்தார். திறந்தால் மேலேயே இரும்பு. அந்தப் பாதையின் சிவப்பு மண் அதில் அப்படியே காய்ந்து கிடந்தது. கப்டன் திரையைப் பார்த்தபடி கையால் தன் இடது முழங்காலைத் தூக்கி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் முழந்தாளிட்டேன். அவர் மனைவி சாதாரண சப்பாத்தை முதலில் போட்டுவிட்டார், அதற்கு மேலே நான் இரும்பை மாட்டினேன். கால் கனமாக, என் கையிலேயே கிடந்தது. வாரை இழுத்துக் கட்டினேன். திரையில் நாலு பேர், பந்தயம் தொடங்க மேலே உயர்த்தும் நாடாவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எத்தனையோ வருடப் பழக்கம், வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"இறுக்கமா கப்டன்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. குரலும் மாறவில்லை.

"எனக்கெப்பிடித் தெரியும்? நீதான் சொல்லவேணும்."

நாடா மேலே பறந்தது. நான் அந்தப் பந்தயத்தைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே இருந்தேன்.

கப்டனும் மனைவியும் இப்போது மெல்பேர்ணில், கிளென் வேவர்லிக்குக் கிட்ட மனைவியின் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். மாடிப்படி இல்லாத வீடு. கராஜை வேறொருவர் வாங்கினார், நான் அவரிடம்தான் வேலை செய்கிறேன். என் விசா இன்னும் அதே விசாதான். அந்த மைதானத்தில் இப்போது வீடுகள் எழும்பிவிட்டன என்று கப்டன் போனில் சொன்னார், தெருவுக்கு, அங்கே மோட்டார்சைக்கிள் ஓடின ஆரோ ஒருவரின் பேரை வைத்திருக்கிறார்களாம். தன் பேர் இல்லை என்று சிரித்தார்.

இரும்பை என்னிடம் தந்துவிட்டுத்தான் போனார். மண்ணை நான் கழுவவில்லை, என் மனைவி எத்தனையோ தரம் சொல்லியும் விடவில்லை. சில நாட்களில் வேலைக்குப் போக வாசலில் குந்தும்போது, என் சப்பாத்தைக் கட்டிவிட்டு அந்த வாரையும் இழுத்து, காலே இல்லாத அந்த இடைவெளிக்குள் சுட்டுவிரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு விரல் போகிறது. இரண்டாவது போகவில்லை. இறுக்கம்தான் கப்டன், என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன்.