நேற்று எத்தனை தடவை அடுப்பு எரிந்தது?

பொருளாதார மாணவர்களுக்கு ஆய்வு முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் பாரம் அறுபதுகளின் தொடக்கத்தில் என் தலையில் விழுந்தது. புறவயம், அகவயம் என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து சாக்பீஸை எறிவேன். கொட்டாவி விடாத ஒரே ஒருவன் அதைப் பொறுக்கிவந்து என் கையில் கொடுப்பான்.

முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் அவன். மிளகாய் போட்டுப் பிழைக்கிற குடும்பம். ஹாஸ்டலுக்குக் கட்ட வழியில்லாமல் ஒரு சின்ன அறையில் தானே பொங்கித் தின்று படித்தான். அந்த வருஷம் மழை பொய்த்து, வீட்டிலிருந்து அவனுக்கு அரிசி வருவது நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அவன் கவலைதான். தினமும் "சாப்பிட்டியாலே?" என்று கேட்பேன். "ஆச்சு சார்" என்பான். எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

பங்குனியில் வகுப்பையே பஸ்ஸில் ஏற்றி, பெரியபட்டினம் போகும் வழியில் கண்மாய் வறண்டு கிடந்த ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். வீடுவீடாகப் போய், "நேற்று மூன்று வேளையும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவர வேண்டும். கேள்வி நான் தயாரித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. திரும்பிவந்து வேப்பமரத்தடியில் கூடியபோது எல்லாரும் ஒரே பதிலோடு வந்திருந்தார்கள். அந்தப் பஞ்சத்திலும் ஊரே மூன்று வேளை வயிறாரச் சாப்பிட்டிருந்தது.

"பொய் சொல்றாங்க சார்" என்றான் ஒருவன்.

"பொய்யில்ல சார்" என்றான் முதுகுளத்தூர்க்காரன். "வாசல்ல நின்னு, பக்கத்து வீட்டுக்காரவுக பாக்க, சாப்பிட்டீகளான்னு கேட்டா யாரு இல்லம்பாக? எங்க ஆத்தாவும் ஆச்சுன்னுதான் சொல்லும். நேத்து எத்தன தடவ அடுப்புப் பத்த வச்சீகன்னு கேப்போம் சார். வேலையக் கேட்டா உள்ளதச் சொல்லிருவாக."

மறுபடி போனார்கள். பல வீடுகளில் ஒரு தடவை. சில வீடுகளில், "நேத்துப் பத்தவே வைக்கலப்பா" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வெயிலில் வந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். மாதக்கணக்கில் நான் தொண்டை வற்றக் கத்தியும் ஏறாத பாடம் அன்று எல்லாருக்கும் ஏறிவிட்டது. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வழக்கம்போல் "சாப்பிட்டியாலே" என்று கேட்க வாயெடுத்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"நேத்து எத்தன தடவலே அடுப்புப் பத்த வச்ச?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அத எங்கிட்டக் கேக்கக்கூடாது சார்" என்றான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் கையைப் பிடித்து நேரே வீட்டுக்கு இழுத்துப்போனேன். "சாப்பிடுறியான்னு மட்டும் இவன்கிட்டக் கேட்றாத" என்றேன் மனைவியிடம். அவள் என் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலையைப் போட்டாள். அவன் படித்து முடிக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.